ஆமைக்குட்டிக்கு 7 நாள் உத்தரவாதமா? நம்பி ஏமாறாதீர்கள்

தரை ஆமைக்குட்டியை, பல்பு, தீனி டப்பா, சொட்டு மருந்து, மணல் எல்லாம் அடங்கிய ஒரு ‘ஃபுல் செட்’டோடு கையில் கொடுத்து, “7 நாளுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா வேற குட்டி தர்றோம்” என்று சொல்லி விற்கிறார்கள். மோசடியே அந்த 7 நாளில்தான் இருக்கிறது. தண்ணீர் காட்டாமல், சரியான தீனி போடாமல் வைத்திருந்தாலும் பெரும்பாலான குட்டிகள் ஒரு வாரம் தாங்கிவிடும். ஆமையின் உடல் மெதுவாக இயங்குவது. கெடுதல் வெளியே தெரிய வாரங்கள், மாதங்கள் ஆகும். மூன்றாவது மாதம் ஓடு மெத்தென்று ஆகி, கண் திறக்காமல் கிடக்கும் குட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், “எங்ககிட்ட இருந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு, நீங்க சரியா பாத்துக்கல” என்பார்கள். வாங்கியவரும் அதை நம்பித் தன்னையே நொந்துகொள்கிறார். இது நியாயமே இல்லை.

பல குட்டிகளுக்குக் கெடுதல் விற்பனைக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். பொரித்த நாளிலிருந்து காய்ந்த மரத்தூளின் மேல், சூட்டு விளக்கின் கீழே, தண்ணீர்த் தட்டு இல்லாமல் வைத்திருப்பார்கள். பெட்டி நாறாது, வேலையும் குறைவு. ஆனால் இயற்கையில் குட்டி ஆமை பெரும்பொழுதை ஈர மண்ணுக்குள்ளும் செடிகளின் அடியிலும்தான் கழிக்கும். காய்ந்தே வளர்ந்த குட்டியின் சிறுநீரகம் பழுதாகிவிடலாம். அப்படிப் பழுதாகிவிட்டால், பிறகு நீங்கள் எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் எடை ஏறாது, ஒருநாள் இறந்துபோகும். ஓடு கூம்பு கூம்பாகப் புடைப்பதற்கும் இந்த வறட்சிதான் முக்கியக் காரணம். 2003-இல் சல்காட்டா என்ற ஆப்பிரிக்கத் தரை ஆமை இனத்தின் குட்டிகளிடம் செய்த ஆய்வில், புரதத்தைவிடக் காற்றின் ஈரப்பதமே இதை அதிகம் தீர்மானித்தது.

இதை வாங்கும் இடத்திலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில், தாடைக்குக் கீழே நிற்கும் ஆழத்தில், குட்டியை 15 நிமிடம் விடச் சொல்லுங்கள். பெரும்பாலும் சிறுநீரோடு வெள்ளையாக ஒன்று வெளியே வரும். அதுதான் யூரேட். அது பற்பசை போலக் குழைவாக இருந்தால் நல்லது. விரலில் தேய்க்கும்போது மணல் மாதிரி நெருநெருத்தால், அந்தக் குட்டி நெடுநாளாகத் தண்ணீரில்லாமல் இருந்திருக்கிறது. கையில் எடுத்தால் கூழாங்கல் போலக் கனக்க வேண்டும். காலி டப்பா போல லேசாக இருந்தாலோ, கண் குழிவிழுந்திருந்தாலோ, மூக்கில் நீர்க்குமிழி வந்தாலோ வேண்டாம். “தண்ணியில விட்டா சளி பிடிக்கும்” என்று மறுத்தால் அங்கே வாங்காதீர்கள்.

இப்போது அந்த செட்டைப் பிரித்துப் பார்ப்போம். முதலில் பல்பு. ‘யூவிஏ’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். ஆமைக்கு வேண்டியது யூவிபி, அதாவது ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிர். அது பட்டால்தான் தோலில் வைட்டமின் டி3 உருவாகும். டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் உடலில் சேரும். இல்லாவிட்டால் உடல் தன் எலும்பிலும் ஓட்டிலும் உள்ள கால்சியத்தையே கரைத்து எடுத்துக்கொள்ளும். சாதாரண சூட்டு பல்பில் யூவிபி கிடையாது. “ஜன்னல் ஓரமா வைங்க” என்பதும் பயன்படாது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் உள்ளே சூடேறி குட்டி செத்தே போகும். வாங்க வேண்டியது ‘T5’ எனப்படும் மெல்லிய, நீளமான குழல்விளக்கு வகை யூவிபி ட்யூப். எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்று தயாரிப்பாளர் பெட்டியில் போட்டிருப்பார், அதன்படியே மாட்டுங்கள். வெளிச்சம் நன்றாக வந்தாலும் ஏறத்தாழ ஒரு வருடத்தில் மாற்ற வேண்டும்; யூவிபி தேய்வது கண்ணுக்குத் தெரியாது. அதனால் பழைய ட்யூபைக் கைமாற்றி வாங்கவே கூடாது. சூட்டுக்குத் தனி பல்பு: மத்தியதரைக் கடல் பகுதி இனங்களுக்கு அதன் நேர் கீழே 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், மறுமுனை 25-ஐ ஒட்டி.

அடுத்தது தீனி டப்பா. திருப்பி, பின்பக்கம் உள்ள பொருள் பட்டியலைப் படியுங்கள். முதல் பெயர் மீன்தூள் அல்லது இறால் என்றால் அது நீர் ஆமைக்கான தீனி. இலை தின்னும் தரை ஆமைக்கு அதைத் தினமும் போட்டால் யூரிக் அமிலம் ஏறி, ஏற்கெனவே வாடிய சிறுநீரகம் இன்னும் கெடும். புல், களைச்செடி இலைகள், செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி இவைதான் அன்றாட உணவு. பசலைக்கீரையில் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைக் கட்டிப்போடும். பழம் புல்வெளி இனங்களின் குடலில் புளித்து வயிற்றைக் கெடுக்கும். ரெட்ஃபுட் (சிவப்புக்கால் ஆமை) போன்ற காட்டு இனங்களுக்குப் பழம் ஆகும். ஆகவே எந்த இனம் என்று விற்பவர் சொல்லத் தெரியாமல், எல்லாவற்றுக்கும் ஒரே டப்பாவை நீட்டினால் உஷாராகுங்கள்.

தண்ணீரில் கலக்கும் ‘கால்சியம் டி3’ சொட்டு மருந்தும் வேண்டாம். எவ்வளவு உள்ளே போகிறது என்று கணக்கு வைக்க முடியாது. டி3 மிகுந்தால் மென்மையான உறுப்புகளில் சுண்ணாம்பு படியும். பாஸ்பரஸ் சேராத கால்சியம் கார்பனேட் தூளை ஒரு சிட்டிகை, வாரம் மூன்று நான்கு முறை இலையின்மேல் தூவுங்கள். ஓட்டுக்கான பாலிஷ் எண்ணெயைத் திறக்கவே வேண்டாம். அலங்கார மணலையும் வெளியே கொட்டிவிடுங்கள், தின்றால் குடல் அடைக்கும்.

“இது இவ்வளவுதான் வளரும்” என்பது இன்னொரு பொய். உள்ளங்கையில் அடங்கும் சல்காட்டா வளர்ந்தால் 40 கிலோவைக்கூடத் தாண்டலாம். நட்சத்திர ஆமையை, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 2019-இல் மிகக் கடுமையான முதல் இணைப்புப் பட்டியலுக்கு மாற்றியது. காகிதமில்லாமல் யாராவது அதை நீட்டினால் சட்டச் சிக்கல் வாங்கியவர் தலையிலும் விழும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? இன்றே தொடங்கி, தினமும் 15 முதல் 20 நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் விடுங்கள். குட்டி இருக்கும் பெட்டியின் தரைக்கு 10 செ.மீ. ஆழத்தில் மண்ணும் தென்னை நார்த்தூளும் கலந்து போட்டு, அடியடுக்கு காயாமல் பாருங்கள். கிராம் காட்டும் தராசில் வாரம் ஒருமுறை எடைபோட்டுத் தேதியோடு குறித்துவையுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எடை இறங்கினால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அந்தக் குறிப்போடு போங்கள். கண் மூடிக் கிடக்கிறது என்றதும் வைட்டமின் ஏ ஊசி போட வந்தால், இலை தின்னும் ஆமை என்பதைச் சொல்லி, அது உண்மையிலேயே தேவையா என்று கேளுங்கள். தரை ஆமைக்கு அது மிகுந்தால் தோல் உரிந்து புண்ணாகும்.