மாமல்லபுரத்தில் ஒரு வாரம் தங்க வீடு தேடுகிறவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

ஊருக்குத் திரும்பி இன்னும் பையைக்கூடப் பிரிக்கவில்லை. 23,800 ரூபாய் போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

என் மாமனார் திருநெல்வேலியில் பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், 74 வயது. மாமல்லபுரத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார், அதுவும் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனபோது இரண்டு மணி நேரம். அர்ச்சுனன் தபசுப் பாறையில் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிகிற மான் ஒன்று இருக்கிறது, அதன் எதிரே ஒரு முழுக் காலை உட்கார்ந்து வரைய வேண்டும் என்று எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்காகத்தான் டிசம்பர் கடைசியில் ஒரு வாரம் என்று முடிவு செய்தோம். நோட்டுப் போட்டு எழுதினோம். மானுக்கு ஒரு நாள், ஐந்து ரதத்துக்கு ஒரு நாள், கடற்கரைக் கோயிலுக்கு விடியற்காலை, சாளுவன்குப்பம் புலிக்குகை, முட்டுக்காடு தட்சிணசித்ரா (செவ்வாய் விடுமுறை என்பதால் புதன்), அப்படியே இன்னும் வடக்கே போய் சோழமண்டல ஓவியர் கிராமம். 1966இல் ஓவியர்களே கூடி உருவாக்கிய இடம் அது, மாமாவுக்குக் கோயில் மாதிரி. சாயங்காலம் நாட்டிய விழா.

தங்குவதற்கு வீடு வாடகைக்குப் பிடித்துத் தரும் ஒரு இணையதளத்தில் தேடினேன். மாடி வீடு, கடல் தெரியும், சமையலறை உண்டு, ஒரு நாளைக்கு 3,400. கேள்வி கேட்டு எழுதினேன், பத்து நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. முதலில் மேடம் என்றவன் இரண்டு நிமிஷத்தில் அக்கா ஆக்கிவிட்டான். மாமா வரைவார் என்று நான்தான் வாயைத் திறந்து சொன்னேன். உடனே அவன், "அக்கா, பக்கத்துலயே சிற்பக்கூடம்தான், காலைல உளிச் சத்தம் கேட்டுத்தான் ஐயா முழிப்பாரு, மாடியில ஒரு மேசை போட்டு வைக்கிறேன், உட்கார்ந்து வரையட்டும்" என்றான். அந்த மேசையில்தான் நான் விழுந்தேன். வயசானவருக்கு மேசை போட்டு வைக்கிறேன் என்று சொல்கிறவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? தளம் வழியாகப் போட்டால் கமிஷன் பிடிப்பார்கள், நேரடியாக அனுப்புங்கள் என்றான். முதலில் 5,000 அனுப்பினேன். நாலு நாள் கழித்து, விழாக் கூட்டம் அதிகம், முழுசாகக் கட்டினால்தான் வீட்டைப் பிடித்து வைக்க முடியும் என்றான், மீதி 18,800ஐயும் அனுப்பினேன். இரண்டும் யூபிஐயில், இரண்டும் என் கையால்.

ராத்திரி ரயிலேறி செங்கல்பட்டில் இறங்கி, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். அவன் அனுப்பிய மேப் ஒரு சிற்பக்கூடத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. சிற்பக்கூடம் என்று அவன் சொன்னது மட்டும் நிஜம், மாடி இல்லை, வீடு இல்லை. அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர் எங்கள் பைகளைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, "இந்த மாசத்துல நீங்க மூணாவது குடும்பம்மா" என்றார். மாமாவுக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். அவருக்கு நன்றி.

அவனுக்கு அடித்தேன். "அஞ்சு நிமிஷம் அக்கா, வாட்ச்மேன் சாவியோட வந்துட்டிருக்காரு." இருபது நிமிஷம் கழித்து, "வண்டி பஞ்சர்." அப்புறம் எடுக்கவில்லை. அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்தான், படமும் மறைந்துவிட்டது.

நான் போனில் வைத்திருந்த படங்களை மாமா வாங்கிப் பார்த்தார். ஒன்றின் கீழே "மாடியிலிருந்து மாலைக் காட்சி" என்று போட்டிருந்தான், சூரியன் கடலுக்குள் இறங்குகிறது. "இது நம்ம பக்கத்துக் கடலே இல்லம்மா, இங்க சூரியன் கடல்ல இருந்து எழும்பும், கடல்ல போய் விழாது" என்றார். மேற்குக் கரையில் எங்கேயோ எடுத்த படத்தைப் போட்டிருக்கிறான். ஒரு மாசமாகத் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் நான்.

தளத்துக்குப் புகார் கொடுத்தேன். 48 மணி நேரம் காத்திருங்கள் என்றார்கள். பிறகு, பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லை, எனவே நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் புகாரை முடித்துவிட்டார்கள். அந்த வீட்டைப் போட்டுக் காட்டியது யார்? என் நம்பர் அவனுக்கு எங்கிருந்து போனது? பதில் இல்லை. வங்கியில், நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம் மேடம் என்றார்கள். மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றேன், நாளைக்கு வாங்க என்றார்கள். சைபர் மோசடிக்கான அரசு உதவி எண்ணான 1930க்கு அடித்துப் புகார் பதிந்திருக்கிறேன், எண் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

விழாக் கூட்டத்தில் அறை கிடைக்காமல் அலைந்து, கடைசியில் ஒரு லாட்ஜில் நாளைக்கு 4,500 கொடுத்து இரண்டே இரண்டு நாள் இருந்தோம். மாமா மானை வரைந்தார், பாதிதான் முடிந்தது. 23,800 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் தாங்கவில்லை.

விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. தளத்துக்கு வெளியே பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். வீடியோ காலில் வாசலிலிருந்து வீட்டைக் காட்டச் சொல்லுங்கள், தெருவையும் காட்டச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டாதீர்கள். ஏமாந்தது தெரிந்த நிமிஷமே 1930க்கு அடியுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை நிறுத்திவைக்க வழி இருக்கும். நான் அவனுக்கே திரும்பத் திரும்ப அடித்து அரை நாளை விட்டேன்.

இன்று காலை அந்தத் தளத்தைத் திறந்தேன். அதே மாடி, அதே சூரியன், வேறு பெயரில், நாளைக்கு 3,200 ரூபாய் என்று இருக்கிறது.