சென்னையின் மாலை இடிமழை: ரேடார், பலூன், செயலிகள் — பல பருவப் பயன்பாட்டு அனுபவம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையில் சாயங்காலம் இடியோடு மழை வருமா என்று பார்க்க, எந்தச் செயலியானாலும் அதன் மழைப் படத்தைக் கடைசியாகத் திறப்பதே நல்லது. காற்றுப் படத்துக்குத்தான் முதல் இடம்.

விண்டி என்ற வானிலைச் செயலியில் வரும் ஈசிஎம்டபிள்யூஎஃப் (ஐரோப்பிய வானிலை மையம்) கணினி மாடல் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும்; ஒரு கட்டம் சுமார் 9 கி.மீ. ஒரு இடிமேகத்தின் மழை மையமே பல நேரம் அவ்வளவுதான் இருக்கும். ஆகவே ‘போரூரில் 6 மணிக்கு 4 மி.மீ.’ என்பதை நம்பித் துணி எடுக்க ஓட வேண்டாம். ஆனால் அதே மாடல் காட்டும் 700, 500 ஹெக்டோபாஸ்கல் மட்டக் காற்று (சுமார் 3, 6 கி.மீ. உயரத்தில் வீசுவது) பெரும்பாலும் சரியாக இருக்கும். இரண்டு மட்டத்திலும் மேற்கு அல்லது வடமேற்கிலிருந்து மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் வீசினால், பிற்பகலில் சித்தூர், ராணிப்பேட்டை, திருத்தணி பக்கம் எழும் மேகம் கடற்கரை வரை வர வாய்ப்புண்டு. காற்று தளர்ந்த நாளில் அங்கேயே கொட்டித் தீர்த்துவிடும்.

மீனம்பாக்கத்தில் காலை 5.30 மணிக்கான வானிலை பலூன் தரவில் ‘கேப்’ எண்ணை (இடிமேகம் எழக் காற்றில் இருக்கும் ஆற்றலின் அளவு) அப்படியே எடுத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு. அது விடியற்காலைத் தரை வெப்பத்தை வைத்துப் போட்ட கணக்கு. அன்றைய எதிர்பார்க்கும் உச்ச வெப்பத்தையும் கடற்காற்று வந்தபின் இருக்கும் பனிநிலையையும் (காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை, 25 டிகிரி வாக்கில்) போட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும்.

மூன்று மணிக்குப் பிறகு ரேடார்தான் எல்லாம். துறைமுகப் பகுதியில் உள்ள எஸ்-பேண்ட் (நீள அலை) டாப்ளர் ரேடாரின் படத்தில் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு 5.30 மணி கூட்ட மறந்தால் மொத்தக் கணக்கும் போச்சு. 40 நிமிட இடைவெளியில் இரண்டு படம் எடுத்து, மேகத்தின் கிழக்கு விளிம்பு எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால் போதும். 20 கி.மீ. என்றால் மணிக்கு 30. அரக்கோணத்தில் இருக்கும் மேகம் சென்னை வர இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். தொலைவு கூடக் கூட ரேடார் கற்றை உயரப் போய்விடும்: 100 கி.மீ.யில் ஏறத்தாழ 1.5 கி.மீ., 200 கி.மீ.யில் 4 கி.மீ. அதனால் தூரத்து இளமேகங்கள் தப்பிவிடும். பள்ளிக்கரணையின் எக்ஸ்-பேண்ட் (குற்றலை) ரேடார் நகருக்குள் நுணுக்கமாகக் காட்டும். ஆனால் கனமழைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது அதில் மங்கிப்போகும்.

படத்தில் கூர்ந்து தேட வேண்டியது, மேகத்துக்கு முன்னால் ஓடும் மெல்லிய வில் போன்ற கோடு. அது மேகத்திலிருந்து இறங்கிப் பரவும் குளிர்காற்றின் விளிம்பு. மழை மையத்தை விட்டு 15, 20 கி.மீ. முன்னே ஓடிவிட்டால் மேகத்துக்குத் தீனியான ஈரக்காற்று அறுந்துவிடும். நகருக்குப் புழுதிக் காற்றும் நாலு தூறலும்தான். கோடு மையத்தோடு ஒட்டியே வந்து, கடற்காற்று முகப்பில் (கடற்காற்று உள்ளே வந்து நிற்கும் விளிம்பு) மோதினால், தளர்ந்த மேகம்கூடத் திடீரெனத் திரண்டெழும். ரேடார் எதிரொலி 50 டிபிஇசட்டைத் (கனமழையைக் குறிக்கும் அளவு) தாண்டுவது பல தடவை அங்கேதான்.

இன்சாட் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படம் இந்தப் பருவத்தில் ஏமாற்றும். மேகம் கிழக்கே நகரும். அதன் உச்சியையோ கீழைக்காற்று மேற்கே இழுத்துப் பரப்பும். வெள்ளைத் திட்டின் நடுவில் மழையைத் தேடக் கூடாது, கிழக்கு ஓரத்தில் பார்க்க வேண்டும்.

தாமினி செயலி மின்னலுக்கு நல்ல துணை, பேட்டரி சேமிப்பு அதன் அறிவிப்பை முடக்காதவரை. மின்னல் புள்ளிகள் அடுத்தடுத்துக் குறைந்துகொண்டே வந்தால், ரேடாரில் சிவப்பு மிச்சமிருந்தாலும் அந்த மேகம் ஓய்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் கடைசி மின்னலுக்குப் பின் 30 நிமிடமாவது மொட்டை மாடிப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.