சுவாரெஸா, கோயிம்பிராவா?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் எட்டுப் பேர். ஞாயிறு மாலையில் சூமில் கூடுகிறோம். வெள்ளவத்தையில் மூன்று பேர், கொட்டாஞ்சேனையில் ஒருவர், மிச்சப் பேர் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ரொறன்ரோ. பிற்கால ஸ்கொலாஸ்டிக் மெய்யியல், அதாவது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் அரிஸ்டாட்டிலை அடியொற்றி வளர்ந்த கிறிஸ்தவ மெய்யியல், படிப்பது என்று ஒரே மாலையில் முடிவாகிவிட்டது. எதில் தொடங்குவது என்பதில்தான் ஒரு வருடம் போனது. இரண்டு நூல்களை ஓட்டிப் பார்த்துவிட்டதால், இதே யோசனையில் இருப்பவர்களுக்கு எங்கள் கணக்கைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஒன்று போர்த்துக்கல்லின் பல்கலைக்கழக நகரான கோயிம்பிராவில் எழுந்த உரைகள், மற்றது ஸ்பானிய இயேசு சபையாளர் பிரான்சிஸ்கோ சுவாரெஸின் நூல். நான் சுவாரெஸ் பக்கம்.

மூன்றாவதாக ஒரு பெயரும் வந்தது, ஸ்பானிய இறையியலாளர் விற்றோரியா. அமெரிக்கப் பழங்குடிகளின் உரிமை பற்றி 1539இல் அவர் ஸ்பெயினின் சலமன்காவில் ஆற்றிய விரிவுரை சுருக்கமானது, சுவையானது. ஆனால் போர்த்துக்கேயர் வந்திறங்கிய ஊரில் இருந்துகொண்டு அதைப் படித்தால் பேச்சு இரண்டாவது கிழமையே அரசியலாகிவிடும். எங்களுக்கு மெய்யியல்தான் வேண்டியிருந்தது. விட்டுவிட்டோம்.

முதலில் எடுத்தது கோயிம்பிரா இயேசு சபையினரின் அரிஸ்டாட்டில் உரைகளை. 1592க்கும் 1606க்கும் இடையில் அச்சானவை. பெரும்பகுதியை எழுதியவர் மனுவேல் டி கோய்ஸ். பிரெஞ்சு மெய்யியலாளர் தெக்கார்த் இளமையில் படித்ததாக நினைவுகூர்ந்த உரைகளில் இதுவும் ஒன்று. தர்க்க உரையின் ஒரு பகுதி 1631இலேயே சீன மொழியில் வந்துவிட்டது. எங்களுக்கு இதில் சொந்த ஈர்ப்பும் இருந்தது. 1578இல் கொல்லத்தில் தமிழை அச்சேற்றிய போர்த்துக்கேய இயேசு சபைக் குரு அன்றீக் அடிகளார் கோயிம்பிராவில் படித்தவர். உண்மையைச் சொன்னால், அவர் கப்பல் ஏறி அரை நூற்றாண்டு கழித்துத்தான் இந்த உரைகள் வெளிவந்தன. ஆகவே அது பாசம், காரணம் அல்ல.

ஆன்மா பற்றிய உரையை, 1598ஆம் ஆண்டுப் பதிப்பை, எடுத்துக்கொண்டோம். அமைப்பு அருமை. அரிஸ்டாட்டிலின் பாடம், அதற்கு விளக்கம், பிறகு கேள்விகள். ஒவ்வொரு கேள்வியும் சிறு சிறு பிரிவுகளாக. ஒரு மாலைக்கு ஒரு பிரிவு அளவாகப் போதும். ஒரு கிழமை வராதவர் அடுத்த கிழமை வந்து ஒட்டிக்கொள்ளலாம். இந்த விடயத்தில் சுவாரெஸ் கிட்டவும் நிற்க முடியாது.

பிறகு என்ன குறை என்றால், முழுதும் இலத்தீன். ஆங்கிலத்தில் எங்களுக்குக் கிட்டியது 2001இல் வந்த, குறிகள் பற்றிய பகுதி மட்டும்தான். பழைய அச்சு வேறு. எழுத்தின் மேல் ஒரு கோடு இருந்தால் அங்கே ஒரு ‘ம்’ அல்லது ‘ன்’ விழுந்திருக்கிறது என்று பொருள். எஸ் எல்லாம் எஃப் மாதிரித் தெரியும். எட்டுப் பேரில் அதை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான், ஓய்வுபெற்ற பாதர் ஒருவர். அவர் வாசித்துப் பொருள் சொல்வார், நாங்கள் கேட்போம். நான்கு மாதம் நன்றாகவே போனது. அப்புறம் அவருக்குக் கண்புரை சத்திரசிகிச்சை. ஏழு ஞாயிறு வட்டம் கூடவில்லை. எட்டாவது ஞாயிறு நாலு பேர்தான் வந்தோம்.

ஒரு வாசிப்பு வட்டத்தை நடத்திப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. நூல் எவ்வளவு ஆழம், எவ்வளவு அழகு என்பதெல்லாம் முதல் மாதத்துப் பேச்சு. ஆறாம் மாதத்தில் ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சும்: இந்தக் கிழமை யார் நடத்துவது? அதற்கு ஒரே பெயர்தான் பதில் என்றால் அந்த ஆளின் தடிமன், கலியாணவீடு, ரவுட்டர் பழுது எல்லாம் வட்டத்தின் தலையெழுத்தாகிவிடும். பாவம் அந்த ஆளும். பாதர் ஒரு நாளும் முறைப்பட்டதில்லை, ஆனால் ஒவ்வொரு சனி இரவும் அவர் ஐந்து பக்கம் தயார் செய்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

சுவாரெஸுக்கு மாறியது இதனால்தான். 1597இல் சலமன்காவில் வெளிவந்த அவருடைய மெய்யியல் விவாதங்கள் மொத்தம் 54. முழுதும் ஆங்கிலத்தில் தேடினால் ஏமாறுவீர்கள், ஆனால் முக்கியமான பல விவாதங்கள் தனித்தனி நூல்களாக இருக்கின்றன. வேறுபாடுகள் பற்றிய ஏழாம் விவாதத்தை வொலர்ட் 1947இலேயே மொழிபெயர்த்துவிட்டார். வினைமுதற் காரணம், அதாவது ஒன்றைச் செய்து உண்டாக்கும் காரணம், பற்றிய 17 முதல் 19 வரையானவை ஃப்ரெடோசோவின் மொழிபெயர்ப்பில் 1994இல் வந்தன. மூலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் பதிப்பு உண்டு, எழுத்துத் தெளிவு. பந்திகளுக்கு இலக்கம் இருப்பதால் “இரண்டாம் பிரிவு, ஆறாம் பந்தி” என்றால் ஆங்கிலம் வைத்திருப்பவரும் இலத்தீன் வைத்திருப்பவரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். இப்போது ஐந்து பேர் முறை வைத்து நடத்துகிறோம்.

ஏழாம் விவாதத்தில் தொடங்குங்கள். மூன்றே பிரிவு. இரண்டு பொருள்கள் ஒன்றில்லாமல் மற்றது இருக்க முடியுமென்றால் அவற்றுக்கிடையே மெய்யான வேறுபாடு. ஒன்று மட்டும் மற்றது இல்லாமல் இருக்கும், மறுபுறம் முடியாது என்றால் அது வித வேறுபாடு. கைவிரல்களை இறுக மடக்கினால் முட்டி. கை முட்டியில்லாமல் இருக்கும், கையில்லாமல் முட்டி ஏது? எங்கள் யாழ்ப்பாணத்து மாஸ்ரர் சைவ சித்தாந்தத்தில் ஊறியவர். சுவாரெஸ் பிறர் கொள்கைகளை வரிசையாக வைத்து, பிறகு தன் முடிவைச் சொல்வதைப் பார்த்துவிட்டு, “இது பரபக்கம் சுபக்கம் தானே, பிள்ளை” என்றார். பிறர் கொள்கையை எடுத்து மறுப்பது பரபக்கம், தன் கொள்கையை நிறுவுவது சுபக்கம். அன்று முதல் அவர்தான் அதிகம் கதைக்கிறார். இறைவனும் உயிரும் ‘ஒன்றாய் வேறாய் உடனாய்’ நிற்பதை இந்த வித வேறுபாட்டில் அடக்கலாமா என்று இரண்டு மணி நேரம் வாதம். அடங்கவில்லை. உயிரும் அநாதி என்பது சித்தாந்தம். அநாதியான ஒன்றை இன்னொன்றின் விதம் என்று சொல்ல வழியில்லை. ஆனாலும் அந்த இரண்டு மணி நேரத்தைக் கோயிம்பிரா எங்களுக்குத் தந்ததில்லை. தந்திருக்கவும் கூடும், நாங்கள் பாதரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சுவாரெஸிடம் அலுப்பும் உண்டு. நீட்டுவார். முன்னே சொன்னதைப் பார் என்பார். முன்னே சொன்னது மொழிபெயர்க்கப்படாத விவாதமாக இருக்கும். இரண்டு கிழமை தவறவிட்டவருக்கு மூன்றாவது கிழமை தலை சுற்றும். அதற்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிப் போடும் வழக்கம் வைத்திருக்கிறோம், பாதி நாள் மறந்தும் போகிறோம். இலத்தீன் தெரிந்தவர்கள் மூன்று பேராவது உள்ள வட்டமென்றால் நான் சொல்வதைக் கேட்க வேண்டாம், கோயிம்பிராவையே எடுங்கள். எங்கள் சுவாரெஸ் அனுபவமும் எட்டு மாதம்தான், ஏழாம் விவாதமும் பதினேழின் முதற்பிரிவும்.

பாதர் திரும்பி வந்துவிட்டார். நடத்துவதில்லை. கமராவை அணைத்துவிட்டு இலத்தீனை மடியில் வைத்துக்கொண்டிருப்பார். ஆங்கிலத்தில் ஒரு சொல் சறுக்கினால் மட்டும் மைக்கைத் திறப்பார். வரும் ஞாயிறு என் முறை.