ஃப்ளாப்புக்கு முன்: கால் செய்வதா, மீண்டும் ரெய்ஸ் செய்வதா?

பந்தய அளவு நிலையாக இருக்கும் போக்கர் சீட்டாட்டமான லிமிட் ஹோல்டெமில், ஃப்ளாப் எனும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள் விரிக்கப்படும் முன் ஒருவர் ரெய்ஸ் செய்துவிட்டால் (பந்தயத்தை ஏற்றிவிட்டால்), டீலர் இடமான பட்டனில் இருப்பவர் பலரும் இக்கேள்வியில் தடுமாறுகிறார்கள்.

செலவு: கால் (அவர் போட்ட அளவே போடுவது) என்றால் 2 சிறு பந்தயங்கள் (தொடக்கச் சுற்றுகளின் நிலையான பந்தய அலகு), மீண்டும் ரெய்ஸ் என்றால் 3.

பிளைண்டுகளை (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயப் பந்தயம் போடும் இருவர்; சிறு பிளைண்ட் அரை, பெரிய பிளைண்ட் ஒன்று) விலக்குதல்: என் பார்வையில் இதுவே முக்கியம். நாம் கால் செய்து சிறு பிளைண்டும் விலகினால், நடுவில் சேர்ந்த மொத்தத் தொகையான 'பாட்'-இல் ஐந்தரைப் பந்தயம் இருக்க, பெரிய பிளைண்ட் இன்னும் ஒன்றே போட்டு ஃப்ளாப்பைப் பார்த்துவிடுவார். ரெய்ஸ் செய்தாலோ, முதலில் ஏற்றியவர் மறுபடியும் ஏற்றக்கூடும் என்ற அச்சத்துடன், ஆறரைப் பந்தயம் உள்ள பாட்டுக்காகப் பெரிய பிளைண்ட் இன்னும் 2 போட வேண்டும்.

சுற்றில் கடைசியாக ஆடும் இடங்களிலிருந்து ஒருவர் மட்டும் ஏற்றியிருந்தால், 9-9, ஏஸ்-கிங் போன்ற கைகளுக்கு ரெய்ஸே பொருந்தும். இடையில் இருவர் மூவர் கால் செய்திருந்தால், இஸ்பேட் 8-7 போன்ற, ஒரே வகையில் அடுத்தடுத்து வரும் சீட்டுகள் கொண்ட கைக்குக் கால் போதும். எதிரில் ஒருவரே என்றால் அதை மடித்துவிடுவது நல்லது.