கியாராபென் கரடி: அச்சா, கையா?

ஜப்பானில் பிள்ளைகளின் மதிய உணவுப் பெட்டியில் உணவையே உருவங்களாக்கி அடுக்குவதுதான் கியாராபென். அதற்காகச் சோற்றில் கரடி, பாண்டா செய்யப் போகிறவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்: அச்சில் அழுத்துவதா, கையால் பிடிப்பதா?

செலவு: அச்சு 100 யென் கடையிலேயே கிடைக்கும். கைக்கு, சோற்றைச் சுற்றும் பிளாஸ்டிக் தாள் போதும்.

நேரம்: அச்சை நனைத்து, சோற்றை அடைத்து, அழுத்தித் தட்டினால் முடிந்தது. கையில் தலை தனி, காது தனி. காதை நிறுத்த வேகாத ஸ்பாகெட்டித் துண்டு ஒன்றைக் குத்துவார்கள். சோற்றின் ஈரத்தை இழுத்து, சாப்பிடும் நேரத்துக்குள் அதுவே மெத்தென்று ஆகிவிடும். நல்ல தந்திரம்!

உருவம்: அச்சு எப்போதும் ஒரே கரடிதான். பெட்டி ஆழமில்லை என்றால் மூடி அமுக்கி மூக்கு சப்பையாகிவிடும். கையில் பெட்டிக்கேற்ற அளவில் பிடிக்கலாம், முயலாகவும் மாற்றலாம்.

உறுதி: இரண்டுக்கும் ஜப்பானியக் குட்டை அரிசிச் சோறுதான் சரி. சூடாக இருக்கும்போதே இறுக்க வேண்டும். ஆனால் நோரி என்ற காய்ந்த கடற்பாசித் தாளில் வெட்டிய கண்களை ஆறிய பிறகே ஒட்டுங்கள். ஆவி பட்டால் சுருங்கும்.

தினமும் காலையில் அவசரமாகக் கட்டுபவர்களுக்கு அச்சு. பள்ளிச் சுற்றுலா, பிறந்தநாள் என்றால் என் ஓட்டு கைக்குத்தான். அச்சில் வரும் கரடிகள் கொஞ்சம் முறைக்கிற மாதிரிதான் இருக்கின்றன.