படம் நடுவில் நின்றுபோனால்: பவர்லைனா, மெஷ் வைஃபையா, கேபிளா?

ரவுட்டர் ஓர் அறையில், டிவி இன்னொரு அறையில், நடுவில் தடித்த சுவர். இணையத்தை வீட்டு மின்கம்பி வழியாகவே கடத்தும் பவர்லைன் அடாப்டர் போட்டும் படம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று சுற்றுகிறது. வேறு வழிக்கு மாறலாமா? மாறுவதற்கு முன்னால் பிளக்கை மாற்றிப் பாருங்கள்.

என் டிவிக்குப் பின்னால் அடாப்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கிடந்தது, ஒட்டினாற்போல் ஒரு செல்போன் சார்ஜர். சார்ஜரைக் கழற்றிவிட்டு, அடாப்டரை நேராகச் சுவர் பிளக்கில் செருகினேன். சிவப்பாக எரிந்த விளக்கு பச்சைக்கு மாறியது. பவர்லைன் தரவு மின்கம்பியில் 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே ஓடுகிறது. மலிவான சார்ஜர்களும் எல்இடி விளக்குகளும் இரைச்சலைக் கொட்டுவதும் அதே இடத்தில்தான். சர்ஜ் தடுப்பு (மின்னழுத்தம் திடீரென எகிறினால் காப்பது) உள்ள பாக்ஸ் என்றால், தரவையே இரைச்சலாக நினைத்து வடிகட்டிவிடும்.

அடாப்டர் பெட்டியில் 600 எம்பிபிஎஸ் (நொடிக்கு 600 மெகாபிட்) என்று போட்டிருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். அது ஏட்டுக் கணக்கு. அந்த வகை அடாப்டர்கள் பலவற்றில் கேபிள் செருகும் ஈதர்நெட் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். ஆனால் 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ். அதனால் படம் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் வேகக் குறைவு அல்ல, வேகம் திடீர் திடீரென்று விழுவதுதான்.

மெஷ் என்பது வீட்டில் ஆங்காங்கே வைக்கும் வைஃபை பெட்டிகள் ஒன்றோடொன்று பேசி சிக்னலைப் பரப்பும் முறை. அதற்கு இந்த மின் இரைச்சல் தொல்லை இல்லை. சுவர்தான் அதன் எதிரி. இரண்டாவது பெட்டியை டிவி பக்கத்தில் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ரவுட்டருக்கும் டிவிக்கும் பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வையுங்கள். பெட்டிகள் பேசிக்கொள்ளத் தனி அலைவரிசை இல்லாத மாடலில் வேகம் ஏறத்தாழ பாதியாகும். இரண்டு அறைகளும் வெவ்வேறு ஃபேஸில் (மும்முனை மின் இணைப்பின் தனித்தனிக் கம்பிகளில்) இருந்தால் பவர்லைன் தடுமாறும், அங்கே மெஷ்ஷே மேல்.

கேபிளுக்கு ஈடு எதுவும் இல்லை. சாதாரண கேட் 5இ நெட்வொர்க் கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் தரும். சுவரில் துளை போட முடியுமா என்பது மட்டும்தான் கேள்வி. வீட்டுச் சேமிப்பகத்திலிருந்து 4கே புளூரே நகல்களை ஓட்டுபவர்கள் யோசிக்காமல் இதற்கே போகலாம். சில காட்சிகளில் அவை 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டிவிடும்.

முடிவெடுக்கும் முன், அடாப்டரிலிருந்து டிவிக்குப் போகும் நெட்வொர்க் கேபிளை லேப்டாப்பில் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு, ரவுட்டருக்கு விடாமல் பிங் போடுங்கள் (தகவல் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் கட்டளை). யாரையாவது ஹேர் டிரையரைப் போடச் சொல்லுங்கள். 5 மில்லிசெகண்டில் நின்ற எண் 200க்குத் தாவினால் குற்றவாளி மின்கம்பி. எண் அசையாமல் இருந்தும் படம் நின்றால், சிக்கல் பெரும்பாலும் ரவுட்டருக்கு அப்பால், இணைய இணைப்பில். அப்போது எந்தக் கருவி வாங்கினாலும் காசுதான் போகும்.