பிறத்திக்கா, அயலுக்கா: உரும்பிராயில் ஆறு பரப்பு விற்ற கணக்கு

பரம்பரையாக வந்த முதுசக் காணியை வைத்துக்கொண்டு முழிக்கிற குடும்பங்களுக்கு முன்னால் மூன்று வழி இருக்கிறது. விற்காமல் ஆள் வைத்துப் பார்ப்பது, கூடின விலைக்குப் பிறத்தியாருக்கு, அதாவது வெளியாருக்கு விற்பது, குறைந்த விலைக்கு அயலுக்குக் கொடுப்பது. மூன்றையும் யோசித்து, மூன்றுக்கும் திட்டு வாங்கி, 2019இல் மூன்றாவதைச் செய்தவன் நான். என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

காணி யாழ்ப்பாணத்து உரும்பிராயில். 6 பரப்பு (பரப்பு எங்கள் ஊர் நில அளவு) செம்மண், அதில் தாத்தா கட்டின ஓட்டு வீடு, எல்லையில் நாலு வளவுக்கும் பொதுவான பங்குக் கிணறு. அம்மா போன பிறகு அது எங்கள் மூன்று பேருக்கும் பிரிபடாத பங்கு. அக்கா ரொறன்ரோவில், அண்ணை பாரிஸில், நான் பக்கத்துக் கோண்டாவிலில்.

விற்காமல் வைத்திருக்கிற கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலு வருடம் அப்படித்தான் வைத்திருந்தோம். மாரி தொடங்க ஓடு ஒழுகும், வளவு பற்றையாகும், டெங்கு என்று நோட்டீஸ் வரும். சபைக்குக் கட்டுகிற சோலைவரி, வேலி அடைப்பு, பழைய சீலிங் பலகை என்று அவ்வளவு செலவும் வெளியில் இருந்து வரவேண்டும், அவ்வளவு ஓட்டமும் என் மோட்டார் சைக்கிளில். ஆளைக் குடிவைத்தால் வேறு பயம். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி ஒருவர் 10 வருடம் சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல், தடையில்லாமல் ஆண்டுவந்தால் ஆட்சியுரிமை கோரலாம். நாங்கள் சம்மதித்துக் குடிவைத்தவருக்கு அது பொருந்தாதுதான். ஆனால் சம்மதித்தோம் என்பதைக் காட்ட எழுத்து வேண்டும். வைத்திருக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வாய்ப்பேச்சில் விடாமல் வருடா வருடம் குத்தகைச் சீட்டு எழுதுங்கள்.

பிறத்தியாருக்கு விற்பதில் உள்ள நன்மையை விளக்கத் தேவையில்லை. பரப்புக்கு 15 இலட்சம், முழுக்காசும் ஒரே நாளில். எங்களுக்கு வந்தவர் சுவிஸ் காசோடு வந்த வேறு ஊர்க்காரர். தமிழர், மரியாதையான மனுசன். ஊரில் அவரைப் பிறத்தி என்றார்கள். இந்தச் சொல்லைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கொழும்புக் கம்பனியையும் பிறத்தி என்பார்கள், நாலு கட்டை தள்ளி இருக்கிற குடும்பத்தையும் பிறத்தி என்பார்கள். பல இடத்தில் அந்தச் சொல்லுக்குள் சாதி குந்தியிருக்கிறது. "ஆருக்கு விக்கிறியள் எண்டு பாத்து வில்லுங்கோ" என்று கோயிலடியில் எனக்குப் புத்தி சொன்ன பெரியவருக்கு ஆளின் குணத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அந்தக் காரணத்துக்காக அயலுக்கு விற்கிறவர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம்.

என் முடிவைத் தீர்மானித்தது கிணறு.

எங்கள் காணி உறுதிப் பத்திரத்தில் கடைசி வரி இது: "கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்". நொத்தாரிசு வாசிக்கும்போது எல்லாரும் எழும்பி வேட்டியை உதறுகிற இடத்தில் வருகிற வரி. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மழைத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கிணற்றால் திரும்பி வருகிறது. நாலு வளவுக்கும் நாள் முறை உண்டு. இன்றைக்கு ஒருவருடைய வெங்காயத்துக்கு மெசின் போட்டால் நாளைக்கு மற்றவருடைய மரவள்ளிக்கு. முறை தவறினால் கிணற்றடியில் ஏச்சு, இரண்டு நாளில் சமாதானம். எங்கள் தாத்தா காலத்தில் இருந்து இதில் பாதி எழுத்தில் இல்லை.

சுவிஸ்காரர் அனுப்பின ஆள் அளவு நாடாவோடு வந்தார். வாய்க்கால் ஓடுகிற இடத்தில் நின்று போன் திரையில் வீட்டுப் பிளானைக் காட்டினார். கார் விடுகிற கொட்டில் சரியாக அந்த இடத்தில் வருகிறது. பிறகு கிணற்றை எட்டிப் பார்த்து, "இதை மூடலாம்தானே? நாங்கள் குழாய்க்கிணறு அடிப்பம்" என்றார். புரோக்கர் தலையாட்டினார். மேற்கு வளவுக்காரர், நாங்கள் அண்ணர் என்று கூப்பிடுகிறவர், வெங்காயப் பாத்திக்குள் மண்வெட்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொல் பேசவில்லை.

இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். இரண்டு ஒழுங்கை தள்ளி இதே மாதிரி ஒரு காணி கைமாறி, மதில் எழும்பி, வாய்க்கால் அறுந்து, பொலிசுக்குப் போய், அங்கிருந்து காணிச் சண்டைக்கான 66ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்குப் போனது. விற்றவர்கள் லண்டனில். நீதிமன்ற வாசலில் நின்றவர்கள் எல்லாரும் ஊரில் இருந்தவர்கள். எல்லாப் பிறத்தியாரும் இப்படித்தான் என்று சொல்ல நான் வரவில்லை. அயலில் கண்டது இந்த ஒன்றுதான். ஆனால் விற்றவர் விமானம் ஏறின பிறகு கிணற்றடிச் சண்டை யார் தலையில் விடியும் என்பதை அது எனக்குக் காட்டியது.

இதைத்தான் அன்றிரவு வட்ஸ்அப்பில் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள். அண்ணைக்குப் பொறுக்கவில்லை. "முப்பது வருசம் அந்த வீட்டுக்கு ஓடும் கூரையும் ஆர்ரை காசு? இப்ப கிணறு கிணறெண்டு கதைக்கிறாய். தேசவழமையைக் காட்டி எங்களை மறிக்கப் போறியோ?"

அவர் சொன்னதில் விசயம் இருந்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் பிரிபடாத பங்கை வெளியாருக்கு விற்க முதல் கூட்டுப் பங்காளிக்கும் வாரிசுக்கும் அறிவிக்க வேண்டும், அவர்களுக்கு முதல் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அது. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையைத் தொகுத்தபோது, காணியை ஈட்டுக்குப் பிடித்திருந்த பக்கத்துக் காணிக்காரருக்கும் அந்த உரிமை இருந்தது. இன்று அயலுக்கு அது இல்லை. எனக்கு இருந்தது, வாங்கக் காசு இல்லை. வழக்குப் போட்டு அண்ணையை மறிக்கிற எண்ணமும் இல்லை. அவர் பக்கத்து நியாயத்தை நான் மறுக்கவில்லை. பனிக்குள் இரவு வேலை செய்து அனுப்பின காசு அது. அந்தக் காணி அவருக்குக் கைபேசிப் படமாக மட்டும் மிஞ்சியிருந்தது.

நாலு கிழமை இழுபட்டு, மேற்கு வளவு அண்ணருக்குப் பரப்பு 11 இலட்சம் என்று முடிந்தது. ஆறு பரப்புக்கு 24 இலட்சம் குறைவு, ஆளுக்கு 8 இலட்சம். என் பங்கிலும் அதே 8 இலட்சம் போனது என்பதால்தான் அண்ணை வாயை மூடினார் என்று நினைக்கிறேன்.

எழுத்து வேலை எந்த வழியிலும் ஒன்றுதான். அக்காவும் அண்ணையும் தங்களுக்காகக் கையெழுத்து வைக்க எனக்கு அதிகாரம் தருகிற அற்றோணித் தத்துவம் அனுப்ப வேண்டும். அக்கா ரொறன்ரோ துணைத் தூதரகத்தில் வரிசையில் நின்றாள். போதாததற்கு, கலியாணம் கட்டின பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று நொத்தாரிசு 1911ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டினார். "இஞ்ச வீடு வாங்கேக்கை அவரைக் கேட்கேல்லை, அம்மாவின்ரை காணிக்கு அவர் கையெழுத்தோ?" என்று அக்கா சிரித்தாள். அத்தான் வைத்தார்.

அயலுக்கு விற்பதில் உள்ள நட்டத்தையும் மறைக்கக்கூடாது. காசு துண்டு துண்டாக வந்தது. முதல் தவணை நகை அடைவு வைத்த காசு, சொப்பிங் பையில் சுற்றி, அடைவுச் சீட்டும் உள்ளுக்குள்ளேயே கிடந்தது. இரண்டாவது தவணை வெங்காயம் விற்ற காசு. கடைசித் தவணை 2022 மே மாதம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் அப்போது 360 அளவில் நின்றது. அண்ணை தன் பங்கை யூரோவாக்கிப் பார்த்துவிட்டு இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அயலுக்குக் கொடுக்கிறவர்கள் தவணைக்கு நாள் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டு நான் எழுதவில்லை.

அந்தக் கடைசித் தவணை எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அண்ணரின் மருமகன் ஜெர்மனியில். அயல் காசு என்று நான் பெருமைப்பட்டதில் மூன்றில் ஒன்று வெளிநாட்டுக் காசுதான்.

கிணறு இருக்கிறது. வாய்க்கால் ஓடுகிறது. எங்கள் முறை நாளை அண்ணர் இப்போது தன்னுடைய முறையோடு சேர்த்துக்கொண்டார், மற்ற இருவருக்கும் அதில் முறுமுறுப்பு உண்டு.

போன மாதம் அண்ணர் வீட்டுக்கு வந்தார். மகளின் அலுவலுக்காக வீதிப்பக்கம் இரண்டு பரப்பை விற்கவேண்டி இருக்கிறதாம். "சட்டப்படி உன்னைக் கேட்கத் தேவையில்லை, எண்டாலும் முறைக்குக் கேக்கிறன், தம்பி" என்றார். அவர் சொன்ன விலையைக் கேட்டு, தேத்தண்ணி போட உள்ளே எழும்பிப் போனேன். இரவு அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன். வாங்கலாம் என்றாள். அவள் கனடாப் பிரசை, வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இங்கே விலைக்குக் காணி வாங்க 2014ஆம் ஆண்டுச் சட்டம் விடாது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டாள்: "இரட்டைக் குடியுரிமை எடுக்க எவ்வளவு காலம் செல்லும்? அண்ணர் அதுவரைக்கும் பொறுப்பாரோ, கேட்டுச் சொல்லு."